மாஸ்டா ரோட்ஸ்டருக்கு ஒரு புது ரேடியேட்டர்

மாஸ்டா ரோட்ஸ்டர் என்றும் அழைக்கப்படும் பழைய எம்எக்ஸ்-5 காரின் ரேடியேட்டருக்கு ஆயுள் முடியப்போகிறதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பானட்டைத் தூக்கி, முன்பக்கம் குறுக்காகப் படுத்திருக்கும் மேல் தொட்டியின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கம்பெனியிலிருந்து வரும்போது அந்தப் பிளாஸ்டிக் தொட்டி நல்ல கறுப்பாக இருக்கும். வருடக்கணக்கில் சூடாவதும் ஆறுவதுமாக இருந்து, முதலில் சாம்பல் பூத்து, பிறகு பச்சை கலந்த பழுப்புக்கு வந்து சேரும். பழுப்பேறிய தொட்டி இன்றைக்கே வெடித்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் பிளாஸ்டிக்கை, நீர் ஓடும் குழாய்களும் சிறகு எனப்படும் மெல்லிய தகடுகளும் கொண்ட அலுமினியக் கோரோடு பிடித்திருக்கும் மடிப்பின் ஓரத்திலோ, மேல் ஹோஸ் மாட்டும் கழுத்திலோ மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விட்டால், அது விடும் இடம் பெரும்பாலும் வீட்டு வாசலாக இருக்காது.

எங்கள் வீட்டு வண்டியின் தொட்டி முற்றிய பழுப்பில் இருந்தது. என் மைத்துனர் இங்கிலாந்தில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த வண்டி அது. 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின், மேலே எழும்பி நிற்கும் முகப்பு விளக்குகள், இரண்டே இருக்கைகள். வண்டி அவருடையது, பராமரிப்பு என்னுடையது என்பது குடும்பத்துக்குள் எழுதாத ஒப்பந்தம். மாஸ்டா இந்தக் காரை இந்தியாவில் விற்றதே இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு மாஸ்டா என்றால் கல்யாணத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடிய சுவராஜ் மாஸ்டா வேன்தான். ஆகவே உதிரிபாகக் கடையில் போய் ரேடியேட்டர் கேட்டால், வேனுக்கானதை எடுத்துத் தர ஆயத்தமாகிவிடுவார்கள். வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று ஆனபிறகு, எதை வாங்குவது என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்கு உதிரிபாகச் சந்தை எப்போதும் சொல்லும் பதில், இருப்பதிலேயே கனமான, அதாவது தடிமனான கோர் உள்ளதை வாங்கு என்பது. கொங்கு நாட்டு வெயிலுக்கும் மலைப் பாதைகளுக்கும் அந்தப் பதில் பொருந்தாது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் வெயில் கணக்கு. ரேடியேட்டர் இறக்கும் சூட்டின் அளவு, உள்ளே ஓடும் நீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. நீர் 95 டிகிரியிலும் காற்று இங்கிலாந்துக் கோடையின் 25 டிகிரியிலும் இருந்தால் வித்தியாசம் 70. அதே நீர், சித்திரை மாதத்து ஈரோட்டிலோ கரூரிலோ தார்ச்சாலையை ஒட்டி வரும் 45 டிகிரிக் காற்றைச் சந்தித்தால் வித்தியாசம் 50 மட்டுமே. அதாவது வண்டியில் எதையும் மாற்றாமல், இடத்தை மட்டும் மாற்றியதிலேயே ரேடியேட்டரின் திறனில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் நிற்கிறது. அது காற்றை இன்னும் ஒரு பத்து டிகிரி சூடாக்கி அனுப்பினால் மிஞ்சுவது 40. புதிய நிலையில் தாராளமாகப் போதும் என்று ஜப்பானில் வடிவமைக்கப்பட்ட ஒரு மெல்லிய கோர், உள்ளே உப்புப் படிந்து, வெளியே சிறகுகள் மடங்கி, முப்பது வயதைத் தொடும்போது நம் ஊரில் திணறுவதில் வியப்பில்லை. பெரிய ரேடியேட்டர் வேண்டும் என்ற ஆசைக்கு இந்த அளவில் நியாயம் உண்டு.

ஆனால் மலை ஏறினால் எஞ்சின் வெந்துபோகும், அதற்காகத்தான் கனமான கோர் என்று சொல்லப்படும் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்கவில்லை. இரண்டு பேரோடு இந்தக் காரின் எடை சுமாராக 1,150 கிலோ. நூற்றுக்கு எட்டு என்ற ஏற்றத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏறினால், அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் தேவைப்படுவது ஏழரை கிலோவாட், அதாவது பத்துக் குதிரைத்திறன். உருளும் தடையையும் ஏசியையும் சேர்த்தால்கூட, நூறைத் தாண்டிய குதிரைத்திறன் கொண்ட எஞ்சினுக்கு அது பெரிய சுமை அல்ல. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், திம்பத்தின் 27 வளைவுகளிலும், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலும் வண்டி சூடாவதற்குக் காரணம், முன்னால் ஊர்ந்து செல்லும் லாரியின் பின்னால் இரண்டாம் கியரில் போகும்போது மூக்குக்குள் காற்று நுழையாததுதான். அங்கே காற்றை இழுத்துத் தருவது ரேடியேட்டரின் பின்னால் உள்ள மின்விசிறியான பேன் மட்டும். எனவே மலைப் பாதையில் நாம் சோதிப்பது ரேடியேட்டரின் பரப்பைவிடப் பேனின் இழுவையையே என்று சொல்லலாம்.

இங்கேதான் கனம் எதிராகத் திரும்புகிறது. பம்புசெட் தெரியாதவர் நம் பக்கம் குறைவு என்பதால் இதைச் சொல்வது சுலபம். ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு நீரை ஏற்றும் உயரமான ஹெட்டைக் கூட்டினால், கொட்டும் நீரான டிஸ்சார்ஜ் குறையும் என்பதைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கிய எந்த விவசாயியும் அறிவார். அட்டையில் அச்சிட்ட குதிரைத்திறனைப் பார்த்து மட்டும் அவர் வாங்குவதில்லை. ரேடியேட்டர் பேனும் அப்படியே. கோரின் கனம் கூடக் கூட, காற்று கடக்க வேண்டிய தடை கூடும். அதே பேன் அதே மின்சாரத்தில் குறைந்த காற்றையே இழுக்கும். போதாக்குறைக்கு, முன் வரிசைக் குழாய்களைத் தொட்டு ஏற்கெனவே சூடாகிவிட்ட காற்றுதான் பின் வரிசைக்குப் போய்ச் சேரும். இதனால்தான் கனத்தை இரட்டிப்பாக்கினால் குளிர்ச்சி இரட்டிப்பாவதில்லை. பின்பாதி கோர் நின்ற இடத்தில் நின்று பாரம் சுமப்பதே மிச்சம்.

பந்தயத் தடத்தில் கதை வேறு. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட, கார் பந்தய வீரர் கரிவர்தன் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கி.மீ. நீளமே கொண்டது. அங்கே எஞ்சின் பெரும்பாலும் உயர்ந்த சுழற்சியிலேயே இருக்கும். ஆக்சிலரேட்டர் தரையோடு இருக்கும் நேரம் அதிகம். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்நீருக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், மலையில் பத்துப் பதினைந்து கிலோவாட்டாக இருந்தது இங்கே ஐம்பது கிலோவாட்டுக்கும் மேலே போய்விடும். ஆனால் வேகம் இருப்பதால் காற்று தானாக வந்து அழுத்தும். கனமான கோரின் தடையை அது வென்றுவிடும். டர்போ பூட்டியவரும் பந்தயம் ஓடுபவரும் 50 மி.மீ.க்கு மேற்பட்ட கோரை வாங்குவதற்குக் காரணம் உண்டு. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தடத்துக்குப் போய், மற்ற நாட்களில் அவிநாசி சாலை நெரிசலில் நிற்கும் வண்டிக்கு அந்தக் காரணம் இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால், வண்டி எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்து எழுதி வைப்பது மிகவும் பயனுள்ளது. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் பேன், அதன் ரிலே, வெப்ப ஸ்விட்ச் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறி, நகருக்குள் இறங்கினால் கோர் அடைப்பு, வாட்டர் பம்ப், காரின் மூக்குக்கு அடியை மூடும் அடித்தட்டு ஆகிய மூன்றில் ஒன்று. எந்த நேரத்திலும் காரணமில்லாமல் நீர் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சினின் மேல்பாகத்தை அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா என்று நீல நிறத் திரவச் சோதனை செய்து பார்த்த பிறகே ரேடியேட்டருக்குப் பணம் ஒதுக்க வேண்டும். எரிந்த வாயு குளிர்நீரில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். எங்கள் வண்டி நிற்கும்போது நன்றாக இருந்தது. நீலாம்பூர் புறவழிச்சாலையில் ஓடும்போது ஏறியது. சூட்டை அளக்கும் கையடக்க அகச்சிவப்புக் கருவியைக் கோரின் மீது மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தபோது, ஒரு பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மற்ற இடத்தைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருந்தது. நீர் ஓடாத குழாய்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

டேஷ்போர்டில் உள்ள முள்ளை நம்பலாமா என்றால், என் பதில் கூடாது என்பதே. சிறிது ஏறி இறங்குவதையெல்லாம் ஓட்டுநருக்குக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம் என்று, பல தயாரிப்பாளர்கள் நடுவிலேயே முள் படுத்துக் கிடக்கும்படி மீட்டரை அமைத்துவிட்டார்கள். அது நகரத் தொடங்கும்போது காரியம் கையை மீறத் தொடங்கியிருக்கும். கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில், மேல் ஹோஸின் நடுவில் செருகும்படி ஒரு அலுமினியக் குழாய்த் துண்டைக் கடைந்து, அதன் முதுகில் வெப்பத்தை எண்ணில் காட்டும் சென்சாருக்கு மரையும் போட்டு வாங்கினோம். இரண்டு முனையிலும் ஹோஸ் நழுவாமலிருக்க மெல்லிய விளிம்பு விட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் விட்டிருந்தார்கள். இந்த ஊரில் வண்டி வைத்திருப்பதில் உள்ள பெரிய சௌகரியம் இது. உலகத்தின் வேறு மூலைகளில் தபாலில் வரவழைக்கும் பொருளை, இங்கே தேநீர் குடித்து முடிப்பதற்குள் கடைந்து கையில் தந்துவிடுவார்கள்.

இனி எதை வாங்குவது என்பது. மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, உள்ளூரில் செம்பு பித்தளையில் கோர் கட்டித் தொட்டியும் ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவது. போர்வெல் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் ரேடியேட்டர் பார்த்தே பழகிய கைகள் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இருக்கின்றன. அளவைக் கொடுத்தால் அச்சாகச் செய்துவிடுவார்கள். எந்த ஊரில் ஒழுகினாலும் அடைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம். செம்பு, அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பதும் உண்மை. ஆனால் பித்தளைக் குழாய்க்கும் செம்புச் சிறகுக்கும் நடுவில் இருக்கும் ஈயம் அவ்வளவு நன்றாகக் கடத்துவதில்லை. தவிர, செம்புக் கோரின் குழாய்களைக் குறுகலாகத்தான் வைக்க முடியும். அகலமாக்கினால் அழுத்தத்தில் உப்பிவிடும். அலுமினியத்தில் குழாயை அகலமாக வைக்கலாம். குழாய் சிறகைத் தொடும் பரப்பு கூடும். எடையும் பாதிக்கு அருகில் வந்துவிடும். எம்எக்ஸ்-5 போன்று எடை குறைவையே தன் சிறப்பாகக் கொண்ட காரின் மூக்கில் பித்தளையைத் தொங்கவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது, கம்பெனி வடிவத்திலேயே வரும் பிளாஸ்டிக் தொட்டி ரேடியேட்டர். இதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் மாற்றங்கள் எதுவும் செய்யாத வண்டிக்கு இதுவே போதுமானது, விலையும் குறைவு. நல்ல தயாரிப்பாக இருந்தால் பத்து வருடம் பேசாமல் உழைக்கும். இதை ஒதுக்கியதற்கு எங்கள் காரணம் ஒன்றுதான்: அடுத்த தடவையும் கடல் கடந்து வரவழைக்க வேண்டும் என்பதால், ஒரே தடவையில் நீண்ட காலத்துக்கான பொருளாக வாங்கிவிட நினைத்தோம்.

மூன்றாவது, முழு அலுமினியம். இந்தக் காருக்கு 36, 37 மி.மீ. கனத்திலும், 50 மி.மீ.க்கு மேலும் கோர்கள் கிடைக்கின்றன. விளம்பரத்தில் இத்தனை ரோ (குழாய் வரிசை) என்று எண்ணிக்கை போடுவார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. குழாயின் அகலம், சிறகின் நெருக்கம், சிறகில் வெட்டியிருக்கும் சன்னக் கீற்றுகள் ஆகிய மூன்றும்தான் வேலை செய்பவை. காற்றைக் கலைத்து உலோகத்தோடு உரச வைப்பவை அந்தக் கீற்றுகள். அவை இல்லாத வெறும் வளைந்த தகடாகச் சிறகு இருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த ரேடியேட்டரைத் தொட வேண்டாம் என்பேன். பளபளப்பைப் பற்றிச் சொன்னால், கண்ணாடி போல் பாலிஷ் செய்த தொட்டிக்குக் கூடுதல் காசு கேட்கிறார்கள்; கண்காட்சிக்குப் போகும் காருக்கு அது இருக்கட்டும். நாங்கள் 37 மி.மீ. கோரைத் தேர்ந்தெடுத்தோம். கம்பெனி பேன்களும் அவற்றைச் சுற்றிக் கோரை மூடும் கூடான ஷ்ரவுடும் அதில் அப்படியே பொருந்தும் என்பதே முதல் காரணம். 50ஐத் தாண்டினால் பேனின் முதுகு எஞ்சின் பக்கம் தள்ளி நிற்கும். இடம் போதாமல் ஷ்ரவுடைத் தூக்கி எறிந்துவிட்டு மெல்லிய பேன் ஒன்றைக் கோரின் மேலேயே பிளாஸ்டிக் நாடாவால் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டினால் பேன் வட்டத்துக்குள் மட்டும் காற்று ஓடும், மூலைகள் சும்மா இருக்கும். நாடா உரசி உரசி ஒரு நாள் குழாயையே அறுத்துவிடும்.

பெட்டி வந்ததும் நேராக வண்டியில் மாட்டாமல், சுங்கம் சாலையை ஒட்டிய ஒரு ரேடியேட்டர் பட்டறைக்கு எடுத்துப்போனோம். முதலாளி அறுபது வயதைக் கடந்தவர். லாரி ரேடியேட்டர்களுக்கு நடுவில் இந்தச் சின்னப் பொருளைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, நகத்தால் சிறகை ஒரு சுண்டு சுண்டினார். "ஏனுங்க தம்பி, இதைய விட மொத்தமா கெடைக்கலீங்களா?" என்றார்; மொத்தம் என்றால் தடிமன். கிடைத்தது, பேன் உட்காராது என்று வாங்கவில்லை அண்ணா என்றேன். "அதுஞ் செரிதானுங்க. மொத்தமா வாங்கிப்போட்டுக் காத்து உள்ள போகலீன்னா என்னங்க பண்றது" என்று சொல்லிக்கொண்டே, மேல் கீழ்க் கழுத்துகளில் ரப்பர்க் கட்டைகளை அடித்து, மூடியின் வாயில் காற்றுக் குழாயைப் பொருத்தி, அழுத்தத்தை ஒரு பாருக்குக் கொண்டுவந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் முழுதாக அமுக்கினார்.

முதலில் சிறகுகளுக்கு நடுவில் தங்கியிருந்த காற்று கூட்டமாகக் கிளம்பி ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். கோர் சுத்தமாக இருந்தது, பற்றவைத்த மூலைகளும் அப்படியே. கீழ்த் தொட்டியில் நீரை வடிக்கும் பிளக்கின் ஓரத்திலிருந்து மட்டும், கடுகளவுக் குமிழ் ஒன்று கிளம்பி மேலே வர, சற்று இடைவெளி விட்டு அடுத்தது வந்தது. பிளக்கைக் கழற்றினால், கூடவே வந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வளையத்தை மாற்றி மறுபடி அமுக்கியபோது எதுவும் வரவில்லை. வண்டிக்குள் மாட்டி, குளிர்நீரான கூலண்ட் ஊற்றி, அடித்தட்டும் பூட்டிய பிறகு இந்தக் கசிவு தெரிந்திருந்தால், முழு வேலையையும் இன்னொரு தடவை செய்ய வேண்டியிருந்திருக்கும். இந்தச் சோதனைக்கு அவர் கேட்ட தொகை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகாது.

மாட்டும் வேலையைப் பொறுத்தவரை, இந்தக் காரில் சிக்கல் குறைவு. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, மூடியைத் திறந்து, கீழ்ப் பிளக்கின் வழியாக நீரை அகலமான பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். பழைய கூலண்டைத் தரையில் கொட்டுவது எந்த ஊரிலும் தவறு, நம் ஊர்களில் கூடுதலாகத் தவறு. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும். பிறகு பேன்களின் கனெக்டர்கள், மேல் கீழ் ஹோஸ்கள், மேலே பிடித்திருக்கும் இரண்டு பிராக்கெட்டுகள். அவ்வளவுதான், பழையது மேலே கையோடு வந்துவிடும். அப்படித் தூக்கும்போது கண்டென்சரின் சிறகுகள் மடங்காமலிருக்க நடுவில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்வது நல்லது. ஏசி கேஸைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

புதியதை இறக்கும்போது கவனிக்க வேண்டியது ரப்பர். அடியில் இரண்டு ஊன்றுகளும் ரப்பர்க் குழியில் தளர்வாக உட்கார வேண்டும். மேல் பிராக்கெட்டிலும் ரப்பர் இருக்க வேண்டும். முழு அலுமினியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: பிளாஸ்டிக் தொட்டி சற்று நெளிந்து கொடுக்கும், இது கொடுக்காது. துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதே என்று நெம்பி இழுத்துப் போல்ட்டை முறுக்கினால், அந்த இறுக்கம் பற்றவைத்த தையலில் போய் உட்கார்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் அங்கே விரிசல் விடும். எங்களுக்கு ஒரு துளையை அரத்தால் சற்று நீளமாக்க வேண்டியிருந்தது. பேன் மோட்டாரின் எர்த் ஒயரை ரேடியேட்டர் பிராக்கெட்டில் பூட்டாமல் பாடியிலேயே பூட்ட வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. கசியும் மின்சாரம் குளிர்நீர் வழியாகப் பாய்ந்தால் அலுமினியத்தை உள்ளிருந்து தின்றுவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைக் குளிர்நீரிலும் வைத்துப் பார்த்தால், 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருப்பது நல்லது, 0.3ஐத் தாண்டினால் எங்கோ எர்த் சரியில்லை என்று தேட வேண்டும்.

ரேடியேட்டரைவிட அதிக நேரத்தை நான் செலவிட்டது அதைச் சுற்றியுள்ள ஓட்டைகளுக்கு. காற்று சோம்பேறி; கோருக்குள் புகுந்து சிரமப்படுவதைவிடப் பக்கவாட்டுச் சந்தில் நழுவிப்போகவே பார்க்கும். இந்தக் காரின் மூக்கில் உள்ள வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கணிசமான இடைவெளி இருக்கிறது. அதன் கீழ்ப்புறத்தை மூடுவது கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் அடித்தட்டு. வேகத்தடைகளில் உரசி, எப்போதோ ஒரு மெக்கானிக் எண்ணெய் மாற்றும்போது கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்ட வண்டிகள்தான் அதிகம். எங்களுடையதும் தட்டு இல்லாமலே வந்தது. தட்டு இல்லாவிட்டால், வாய்க்குள் வந்த காற்று அடியில் தப்பிவிடும் என்பது மட்டும் அல்ல. வேகமாகப் போகும்போது அடியிலிருந்து எஞ்சின் அறைக்குள் காற்று ஏறி, கோருக்குப் பின்னால் அழுத்தத்தைக் கூட்டி, முன்னிருந்து வரும் காற்றை மறிக்கவும் செய்யும். நிற்கும்போது சரியாக இருந்து நெடுஞ்சாலையில் ஏறியதற்கு, அடைபட்ட குழாய்களோடு இதுவும் ஒரு காரணம். இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வெட்டி மடித்துப் புதுத் தட்டு செய்து, கோரின் இரு பக்கத்துச் சந்துகளையும் மேல் சந்தையும் காற்று ஊடுருவாத கறுப்பு ஃபோம் பட்டையால் அடைத்தோம். ஆடி மாதத்தில் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகில் தள்ளும். அந்த அளவுக்கு மூக்குக்கு வரும் காற்று குறையும் என்பதைச் சென்சாரின் எண்ணிலேயே இப்போது பார்க்க முடிகிறது.

ரேடியேட்டர் மூடியைப் பற்றிப் பேச வேண்டியது அதிகம், மதிப்பது குறைவு. அடைபட்ட அமைப்பில் அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். கடல் மட்டத்தில் 0.9 பார் மூடி சாதாரண நீரின் கொதிநிலையையே 118 டிகிரிக்கு அருகில் கொண்டுபோய்விடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெளிக் காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 93 டிகிரிக்கு முன்பே கொதிக்கும். அதே மூடியோடு ரேடியேட்டருக்குள் 115 டிகிரிக்குள் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து பாதி அழுத்தத்தையே பிடித்தால், கீழே மேட்டுப்பாளையத்தில் தெரியாத குறை மேலே போனதும் வெளிப்படும். வெயிலும் அங்கே இல்லை, ஏன் பொங்குகிறது என்று குழம்ப வேண்டியதில்லை. புது ரேடியேட்டருக்குப் புது மூடி போட வேண்டும், கழுத்தின் ஆழத்துக்கு ஏற்ற மூடியாகவும் இருக்க வேண்டும். 1.3 பார் மூடி பந்தயக்காரர் போடுவது என்பதற்காக நாமும் போட்டால், டேஷ்போர்டுக்குப் பின்னால் முப்பது வருடமாக இருக்கும் ஹீட்டர் கோர்தான் முதலில் உடையும். நாங்கள் 0.9 பாரிலேயே நின்றோம். எஞ்சினுக்குப் பின்புறம் கை நுழையாத இடத்தில் இருக்கும் ஹீட்டர் ஹோஸ்களையும் இதே வேலையோடு மாற்றினோம்.

ஊற்றும் நீர். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் மேல் உள்ள பெருமிதம் நியாயமானதே, இருந்தாலும் ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். போர்வெல் நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் பூப்பது எதுவோ அதுவே கோரின் குழாய்க்குள்ளும் பூக்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும்தான். வெறும் நீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும், கிளைக்கால் கலக்கக் கலக்க அந்தத் திறன் குறையும் என்பது உண்மை. உறைபனியில் நிற்காத நம் வண்டிகளுக்கு ஐம்பதுக்கு ஐம்பது கட்டாயமில்லை. துருவைத் தடுக்கும் மருந்து போதிய அளவு இருக்க, கூலண்ட் டப்பாவில் குறித்திருக்கும் குறைந்தபட்ச விகிதத்துக்குக் கீழே போகாமல் கலந்தால் போதும். இந்த எஞ்சினுக்கு மொத்தம் ஆறு லிட்டர் பிடிக்கும். ஆறு லிட்டர் வடிக்காமல் ஆறு லிட்டர் உள்ளே போகாது என்பதால், வடித்ததை அளந்து வைத்துக்கொண்டால் உள்ளே எவ்வளவு காற்று மாட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

உள்ளே மாட்டிய காற்றான ஏர் லாக்கை எடுப்பதற்குப் பொறுமைதான் கருவி. வண்டியின் மூக்கைச் சாய்வுக் கட்டையில் ஏற்றி, ரேடியேட்டர் வாயை அமைப்பிலேயே மிக உயர்ந்த இடமாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட வேண்டும். 88 டிகிரிக்கு அருகில், நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மாஸ்டாட் திறக்கும்போது, நிரம்பியிருந்த நீர் சட்டென்று கீழே இறங்கும், குமிழ்கள் வரும், மேல் ஹோஸைக் கனத்த துணியால் பிடித்து அமுக்கினால் இன்னும் வரும். ஊற்றிக்கொண்டே இருந்து, பேன் தானாக ஒரு சுற்று ஓடி நின்ற பிறகு மூடலாம். இந்த எஞ்சின் முதலில் முன்சக்கர இயக்கக் கார்களுக்குக் குறுக்காக வைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நீளவாக்கில் திருப்பி இங்கே வைத்தபோது, நீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் முன்பக்கமே என்றாகிவிட்டது. பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குக் குறைந்த ஓட்டமே கிடைக்கிறது. காற்று தங்கினால் முதலில் அடிபடுவது அந்த மூலைதான். நீரை பின்பக்கமாக எடுக்கும்படி வழியை மாற்றுவோரும் உண்டு. டர்போ இல்லாத சாலை வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

இப்போது கோத்தகிரி ஏற்றத்தில், ஏசி ஓட, பேருந்தின் பின்னால் போனாலும் சென்சார் 98ஐ ஒட்டி நிற்கிறது. பேன் ஓடியதும் இறங்குகிறது. நீலாம்பூர்ச் சாலையில் முன்பு ஏறிய இடத்தில் 90க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதில் கோருக்கு எவ்வளவு பங்கு, இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்த தகட்டுக்கும் ஃபோமுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லச் சொன்னால், தகட்டின் பக்கமே நான் சாய்வேன்.

மாட்டிய பிறகு வரும் முதல் வாரத்தில், ஆறிய எஞ்சினில் ஹோஸ் கிளாம்புகளை ஒரு தடவை திருப்பிப் பார்த்து, ரிசர்வ் பாட்டிலின் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் உள்ள வேலை சிறகைக் கழுவுவது. திருப்பூர்ப் பக்கம் போய்வந்தால் பஞ்சுத் தூசியும், பொள்ளாச்சிப் பக்கம் போய்வந்தால் தென்னை நார்த் தூசியும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளி போல் படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பிரஷர் வாஷரை நேராகக் காட்டினால் சிறகுகள் படுத்துவிடும் என்பதால், சாதாரணத் தோட்டக் குழாயை எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கிப் பிடித்து, வெளியே வரும் நீர் தெளிவாகும் வரை விட்டால் போதும்.